கல்லாவில் வந்த நிறம் மாறிய காசு

தமிழில் 'நாணயம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசு ஒன்று. மனிதனிடம் இருக்க வேண்டிய நேர்மை இன்னொன்று. வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டும் தினமும் கையில் படுகிற விஷயம். காசைப் பார்த்து நல்லதா, கெட்டதா என்று சொல்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் பழந்தமிழ் நாட்டில் இருந்தார்கள். அவர்களுக்கு 'வண்ணக்கன்' என்று பெயர். அகராதிகள் இதற்கு 'நாணயப் பரிசோதகன்' என்று பொருள் தருகின்றன. வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் என்று சங்கப் புலவர்கள் சிலரின் பெயரிலேயே இந்தத் தொழில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பகலில் காசு பார்த்தவர்கள் ஓய்வில் பாட்டும் கட்டியிருக்கிறார்கள் என்பது நம்மைப் போன்ற கடைக்காரர்களுக்குப் பெருமைதானே! பிற்காலத்தில் இதே வேலைக்கு 'நோட்டம்' என்றும், செய்பவருக்கு 'நோட்டக்காரர்' என்றும் பெயர் வந்தது.

வண்ணக்கன் என்ற சொல்லுக்குள்ளேயே 'வண்ணம்' இருப்பதைக் கவனியுங்கள். காசின் நிறத்தைப் பார்ப்பது பரிசோதனையின் முதல் படி. எடை, ஓசை, உரைகல் எல்லாம் அதற்கப்புறம். இந்தக் கட்டுரையில் நான் எடுத்துக்கொண்ட விஷயமும் அந்த முதல் படிதான். சில்லறையில் நிறம் மாறிய ஒரு காசு வந்தால் அதை எப்படிப் பார்க்க வேண்டும்? அது கள்ளக்காசா, அபூர்வக் காசா, அல்லது சும்மா கறை பிடித்த காசா?

இதை எழுதக் காரணம் இருக்கிறது. மும்பையில் எங்கள் பாத்திரக் கடைக்கு வந்து போகும் தமிழ்க் குடும்பங்கள் பலரும், நான் பழங்காசு சேர்ப்பவன் என்று தெரிந்து, கர்ச்சீப்பில் முடிந்து ஏதாவது ஒரு காசைக் கொண்டு வருவார்கள். முன்பெல்லாம் "இது எந்த ராஜா காசு?" என்று கேட்பார்கள். இப்போது கேள்வி மாறிவிட்டது. "இதுக்கு எவ்வளவு லட்சம் கிடைக்கும்?" என்கிறார்கள். அந்த ஆசையை வைத்துப் பிழைக்கும் கூட்டம் ஒன்று உருவாகியிருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முதலில் காசைப் பார்ப்போம்.

நம் பையில் இருக்கும் உலோகங்கள்

நிறம் ஏன் மாறுகிறது என்று தெரிய வேண்டுமானால், காசு எதனால் ஆனது என்று முதலில் தெரிய வேண்டும். சர்க்கார் காசு முழுக்க ஒரே உலோகம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

இன்று புழங்கும் 1 ரூபாயும் 2 ரூபாயும் துருப்பிடிக்காத எஃகு. இரும்பு 83 பங்கு, குரோமியம் 17 பங்கு. இது காந்தத்தில் ஒட்டும். 2009 முதல் வரும் மஞ்சள் நிற 5 ரூபாய் நிக்கல் பித்தளை: செம்பு 75, துத்தநாகம் 20, நிக்கல் 5. இது காந்தத்தில் ஒட்டாது. அதற்கு முன் 1992 முதல் வந்த கனமான 5 ரூபாய், 9 கிராம் எடை, செம்பு 75 பங்கும் நிக்கல் 25 பங்கும் கலந்தது. இதுவும் ஒட்டாது.

10 ரூபாய் இரட்டை உலோகம். வெளி வளையம் செம்பு 92, அலுமினியம் 6, நிக்கல் 2, நடுவட்டம் எஃகு. 20 ரூபாய் பன்னிரண்டு பக்கம் உள்ளது. அதன் வெளி வளையம் வெள்ளை: செம்பு 65, துத்தநாகம் 15, நிக்கல் 20. நடுவட்டம் மஞ்சள்: 5 ரூபாய்க் காசின் அதே நிக்கல் பித்தளை.

வீட்டுப் பெட்டியில் இருக்கும் பழையவற்றையும் சொல்லிவிடுகிறேன். விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் காலத்து வெள்ளி ரூபாய் 180 குன்றிமணி எடை கணக்கு என்று சிலர் சொல்வது தவறு. அது 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். ஒரு தோலா என்பதும் அதுதான். 'ஒரு ரூபாய் எடை' என்று நம் பாட்டிமார்கள் சொன்னது இந்தக் கணக்கில்தான். அதில் வெள்ளி சுமார் 92 சதவீதம். யுத்த காலத்தில், 1940 முதல், ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்து, மீதிக்குச் செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்த்தார்கள். 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, சுத்த நிக்கல். அது காந்தத்தில் ஒட்டும். வெள்ளி என்று நம்பிப் பத்திரப்படுத்திய ரூபாய் காந்தத்தில் டக்கென்று ஒட்டும்போது வீட்டார் முகம் வாடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நிறம் எங்கிருந்து வருகிறது?

நிறம் மாறிய காசு என்றால் யாரோ சாயம் பூசியது என்று அர்த்தமில்லை. உலோகத்தின் மேற்பரப்பு காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து மெல்லிய தோல் ஒன்றை உண்டாக்கிக்கொள்கிறது. வெள்ளி, காற்றில் உள்ள கந்தக வாயுவோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு ஆகிறது. செம்பு, பிராண வாயுவோடு சேர்ந்து சிவந்த பழுப்பாகி, பிறகு கறுக்கிறது. அதே செம்பு உப்பும் ஈரமும் பட்டால் பச்சைக் களிம்பு கட்டுகிறது. செம்பில் களிம்பு என்பது நம் நாட்டில் எவ்வளவு தெரிந்த விஷயம் என்றால், சைவ சித்தாந்திகள் உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்கே அதை உவமையாகச் சொன்னார்கள்.

ஆனால் பழுப்பும் கறுப்பும் பச்சையும் சரி. சில காசுகளில் நீலமும் ஊதாவும் ரோஜா நிறமும் மயில் கழுத்து மாதிரி மின்னுகிறதே, அது எப்படி? அந்தத் தோலுக்கு உண்மையில் அத்தனை நிறங்கள் கிடையாது. மழை நாளில் ரோட்டில் வண்டி எண்ணெய் சிந்தினால் வானவில் தெரியும், பார்த்திருப்பீர்கள். எண்ணெய்க்கு அந்த நிறமா? இல்லை. எண்ணெய்ப் படலத்தின் மேல் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், அடிப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று மோதுகின்றன. சில நிறங்கள் கூடுகின்றன, சில நிறங்கள் கழிந்துபோகின்றன. சோப்பு நுரையிலும் இதே கதைதான். காசின் மேல் உள்ள படலம் தலைமயிரின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு இருந்தாலே போதும், இந்த வேடிக்கை தொடங்கிவிடும்.

இதில் ஒரு ஒழுங்கு உண்டு. படலம் மெல்லியதாக இருக்கும்போது வைக்கோல் மஞ்சள். கொஞ்சம் தடித்தால் பொன் நிறம். அப்புறம் செம்பழுப்பு, ஊதா, பிறகு நீலம். இன்னும் தடித்தால் வெளிறிய நிறமாகி மறுபடி ஒரு சுற்று. கடைசியில் எல்லாம் அடங்கிக் கறுப்பு. இந்த வரிசையை நினைவில் வையுங்கள். அசலையும் போலியையும் பிரிக்க இது உதவும்.

எங்கே வைத்தால் என்ன நிறம்?

காசு எங்கே கிடந்தது என்பதை அதன் நிறம் ஓரளவு சொல்லிவிடும். வெள்ளிக் காசை ரப்பர் பேண்டு போட்டுச் சுற்றி வைத்தால், ரப்பரில் உள்ள கந்தகம் பட்டு அந்த இடத்தில் கறுப்புக் கோடு விழும். கம்பளித் துணி, அட்டைப் பெட்டி, பழைய செய்தித்தாள் எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகக் கந்தக வாயு வரும். சாக்கடைப் பக்கத்து வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கு சீக்கிரம் கறுப்பதும் அதனால்தான். அமெரிக்காவில் மார்கன் டாலர் என்ற வெள்ளிக் காசுகளை அரசுக் கருவூலத்தில் கித்தான் பைகளில் பல்லாண்டு கட்டி வைத்திருந்தார்கள். பையின் துணியை ஒட்டிக் கிடந்த காசுகளில் வானவில் நிறம் ஏறிப்போய், அவற்றுக்கு அங்கே தனி மதிப்பே உண்டாகிவிட்டது. 'நிறம் மாறிய காசுக்கு லட்சம்' என்ற பேச்சுக்கு மூலம் அங்கே இருக்கிறது. அந்தக் கதையை நம்மூர் 5 ரூபாய்க்குப் பொருத்துவதுதான் தப்பு.

நம் பக்கத்தில் வேறு காரணங்கள். மும்பை, சென்னை போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று செம்புக் கலப்புக் காசைச் சீக்கிரம் பிடிக்கும். வறண்ட ஊர்களில் அதே காசு வருஷக்கணக்கில் பளிச்சென்று இருக்கும். பூஜை அறைத் தட்டில் கிடக்கும் காசில் மஞ்சள், குங்குமம், எண்ணெய், கற்பூரப் புகை எல்லாம் ஏறும். மஞ்சள் பூசிய காசைச் சோப்பில் கழுவினால் சிவப்பாகும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிறதே, அதே காரணம். சோப்பிலும் காரத்தன்மை இருக்கிறது. 'ரத்தச் சிவப்புக் காசு' என்று ஒருவர் பயந்துபோய்க் கொண்டு வந்தது இந்தச் சங்கதிதான். இது உலோகத்தில் ஏறிய நிறம் அல்ல, மேலே ஒட்டிய நிறம்.

எஃகுக் காசு விஷயம் தனி. 1 ரூபாய், 2 ரூபாய்க் காசுகளின் மேல் குரோமியம் கட்டும் படலம் கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லியது. சாதாரணச் சூட்டில் அது வளராது. ஆகவே ஒரு 1 ரூபாய்க் காசு நீலமும் பொன்னிறமுமாக வந்தால், அது நெருப்பைப் பார்த்த காசு என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். சூட்டில் அந்தப் படலம் தடித்து வைக்கோல் நிறமாகி, மேலும் சூடேறினால் நீலமாகும். பட்டறையில் எஃகு காய்ச்சும் ஆசாரிகள் இந்த நிறத்தைப் பார்த்தே சூட்டைக் கணிப்பார்கள். காசு ஹோம குண்டத்தில் விழுந்திருக்கலாம், குப்பையோடு எரிந்திருக்கலாம், தீப்பிடித்த கடையின் கல்லாவில் இருந்திருக்கலாம். யாராவது பையன் கேஸ் அடுப்பில் காட்டி வேடிக்கை பார்த்திருக்கவும் கூடும்.

10 ரூபாய்க் காசில் வளையம் மட்டும் பழுப்பாகி, நடுவட்டம் வெள்ளையாகவே இருக்கும். "இது டூப்ளிகேட்" என்று இதைப் பார்த்து மறுப்பவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு உலோகம், அவ்வளவுதான். ஈரம் பட்டால் இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் ஓரத்தில் கறை சீக்கிரம் பிடிக்கும்.

காசைப் பார்க்கும் முறை

நிறம் மாறிய காசு கையில் வந்தால் நான் பார்க்கும் முறை இது. வீட்டில் யாரும் செய்யலாம். ஒரு சின்னக் காந்தம், நகைக் கடைத் தராசு போன்ற சிறு எலெக்ட்ரானிக் தராசு, ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் போதும்.

ஒன்று, காந்தம். 1, 2 ரூபாய் ஒட்ட வேண்டும். 5 ரூபாய் நிக்கல் பித்தளை ஒட்டக் கூடாது. 10 ரூபாயில் நடுவட்டம் ஒட்ட வேண்டும். 2007-இல் வந்த வெள்ளை நிற 5 ரூபாய் எஃகு என்பதால் அது ஒட்டும். வருஷத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இரண்டு, எடை. 2011 வரிசையின் 5 ரூபாய் 6 கிராம். 10 ரூபாய் 7.71 கிராம். மெல்லிய படலத்தால் எடை மாறாது. எடை கணிசமாக வேறுபட்டால் அப்போதுதான் யோசிக்க வேண்டும்.

மூன்று, மேடும் பள்ளமும். இது முக்கியம். புழக்கத்தில் இருந்த காசில் சிங்கத்தின் தலை, எழுத்து போன்ற மேடுகள் கை பட்டுத் தேய்ந்து வெளிச்சமாக இருக்கும். நிறம் பள்ளங்களில் தங்கியிருக்கும். தேய்ந்த காசு ஒன்றில் மேடு பள்ளம் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி புத்தம் புது நிறம் இருந்தால், அது தேய்ந்ததற்குப் பிறகு ஏறிய நிறம். கீறலுக்குள்ளும் நிறம் ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். ஓடியிருந்தால் கீறல் முந்தியது, நிறம் பிந்தியது.

நான்கு, நிறத்தின் வரிசை. நான் மேலே சொன்ன மஞ்சள், செம்பழுப்பு, ஊதா, நீலம் என்ற வரிசையில் விளிம்பிலிருந்து உள்ளே படிப்படியாகப் போனால், அது மெதுவாக ஏறிய நிறமாக இருக்க வாய்ப்பு அதிகம். வரிசை இல்லாமல் நீலம் மட்டும் திட்டுத் திட்டாக நின்றால் சந்தேகம். மருந்து தடவியதாக இருக்கலாம்.

ஐந்து, விளிம்பு. முலாம் பூசிய காசில் விளிம்பின் வரிப்பள்ளங்களில் முலாம் திரண்டோ உரிந்தோ நிற்கும். அடியில் வேறு நிறம் எட்டிப் பார்க்கும்.

முலாம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பித்தளைக் காசில் பாதரசம் தேய்த்தால் வெள்ளி மாதிரி பளபளக்கும். எங்கள் சிறுவயதில் பையன்கள் இதை விளையாட்டாகச் செய்வார்கள். பாதரசம் விஷம். உடைந்த தெர்மாமீட்டரிலிருந்து எடுத்துக் குழந்தைகள் விளையாட விடாதீர்கள். வேதியியல் கூடங்களில் செம்புக் காசில் துத்தநாகம் ஏற்றி வெள்ளையாக்கி, பிறகு சூடுபடுத்திப் பொன்னிறமாக்கும் சோதனை ஒன்றும் உண்டு. பார்ப்பதற்குச் செம்பு பொன்னான மாதிரி இருக்கும், ஆனது பித்தளைதான்.

பொன் என்றதும் தாமரைப் பூ போட்ட 20 பைசா நினைவுக்கு வருகிறது. 1968 முதல் 1971 வரை வந்தது. அதில் தங்கம் கலந்திருக்கிறது என்று நம் ஊர்களில் ஒரு பேச்சு. 108 காசு சேர்த்து லட்சுமி பூஜைக்கு வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பூஜைக்கு வைப்பது அவரவர் பக்தி. அதில் நான் குறுக்கிட மாட்டேன். ஆனால் அது செம்புக் கலப்பு உலோகம். துடைக்காமல் விட்டால் பழுப்பாகிறதே, அதுவே சாட்சி. தங்கம் அப்படி ஆகாது.

லட்சம் கொடுப்பதாகச் சொல்பவர்கள்

தாராவியில் மாவு அரைத்து விற்கும் ஓர் அம்மா. திருநெல்வேலிப் பக்கம். எங்கள் வகுப்பாரை நயினார் என்று அழைப்பது வழக்கமாதலால் என்னை 'நயினாரய்யா' என்பார். சில வருஷங்களுக்கு முன்பு ஒருநாள் ஊதாவும் நீலமுமாக மின்னிய 5 ரூபாய் ஒன்றைக் கொண்டு வந்தார். "நயினாரய்யா, இதுக்கு ரெண்டு லட்சம் தர்றேங்காங்க. போட்டோ அனுப்பினேன், பாத்துட்டு ஒடனே போன் பண்ணிட்டாங்க" என்றார். "பணம் வந்துச்சா?" என்றேன். "வரல. பதிவுக் கட்டணம்னு ஒருதடவ கட்டினேன். வரின்னு ரெண்டாந்தடவ கட்டினேன். இப்ப ரிசர்வ் பேங்குக்குக் கமிஷன் கட்டணுமாம்" என்றார். இரண்டு தடவை கட்டியது மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஒதுக்கிய பணம்.

காசைப் பார்த்தேன். காந்தம் ஒட்டவில்லை, எடை சரி, நிறம் மேட்டிலும் பள்ளத்திலும் ஒன்றுபோலப் புதிது. நல்ல சர்க்கார் காசு, சூடோ மருந்தோ பட்டது. அதன் விலை 5 ரூபாய். இதை அந்த அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சொல்லித்தானே ஆக வேண்டும்? மூன்றாம் தடவை கட்டாமல் நின்றது ஒன்றுதான் மிச்சம். போன பணம் திரும்பவில்லை.

இதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நோட்டு, காசு வாங்கி விற்கும் வேலையில் தாங்கள் ஈடுபடுவதில்லை. அதற்காகக் கட்டணமோ கமிஷனோ கேட்பதும் இல்லை. தங்கள் பெயரில் வசூலிக்க யாருக்கும் அனுமதி கொடுக்கவும் இல்லை என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே 'ரிசர்வ் பேங்க் கமிஷன்' என்ற வார்த்தை வந்தாலே அது மோசடி. இன்னொன்று வியாபார முறை. வாங்குகிறவன் பணம் கொடுப்பான். விற்கிறவனிடம் பணம் கேட்க மாட்டான். எந்தச் சந்தையிலும் இதுதான் வழக்கம். மீறிப் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சைபர் மோசடிக்கான அரசு உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

வைஷ்ணோ தேவி உருவம் போட்ட 5 ரூபாய், 10 ரூபாய்க் காசுக்கு லட்சம் என்பதும் இதே வகைப் பேச்சுதான். அந்தக் கோயில் நிர்வாக வாரியத்தின் 25 ஆண்டு நிறைவுக்காக, 2012 என்ற ஆண்டு பொறித்து வெளியான காசு அது. புழக்கத்துக்கே நிறைய விட்டார்கள். சில்லறையில் வந்தால் சந்தோஷமாக எடுத்து வையுங்கள். கடன் அடையும் என்று கணக்குப் போடாதீர்கள்.

நிறம் மாறினால் செல்லாதா?

எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. நிறம் மாறிய காசை 'செல்லாது' என்று மறுப்பது. 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, உருக்குலைக்கப்படாமலும் எடை குறையாமலும் இருக்கும் காசு செல்லும். கறை பிடித்தது குற்றமல்ல. 1 ரூபாயும் அதற்கு மேற்பட்ட காசுகளும் 1000 ரூபாய் வரை, 50 பைசா 10 ரூபாய் வரை சட்டப்படி செல்லும். 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் மாதத்தோடு நின்றுபோயின.

10 ரூபாய்க் காசைப் பற்றி எழுந்த வதந்தி நம் எல்லாருக்கும் தெரியும். ரூபாய்க் குறி இருந்தால்தான் அசல், கோடு பத்து இருந்தால்தான் அசல் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். 2016-இலும் 2018 ஜனவரியிலும் ரிசர்வ் வங்கி விளக்கம் கொடுத்தது. அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்பது அந்த விளக்கம். ஆனாலும் தமிழ்நாட்டுப் பல ஊர்களில் 10 ரூபாய்க் காசை வாங்காமல் விட்டார்கள். இதனால் நஷ்டப்பட்டது யார்? நாள் முழுக்கப் பூக்கட்டி விற்றவர், காய்கறிக் கூடை சுமந்தவர். அவர்கள் கையில் சில்லறைதான் சேரும். பழுப்பான காசை நாம் மறுக்கும்போது அதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். நான் எங்கள் கடைப் பையன்களுக்குச் சொல்லி வைத்திருப்பது இதுதான்: கறுத்த காசு வந்தாலும் வாங்கு, சந்தேகம் இருந்தால் காந்தத்தில் வைத்துப் பார், வாய்க்கு வந்ததைச் சொல்லி ஒருவரைத் திருப்பி அனுப்பாதே.

புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

கடைசியாக, வீட்டுப் பெட்டியில் இருக்கும் பழங்காசு பற்றி. பாத்திரக் கடைக்காரன் சொல்கிறேன், கேளுங்கள். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி நல்லது. புளியின் அமிலம் கறையைக் கரைத்துவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் உலோகத்திலும் கொஞ்சம் கரைகிறது. விளக்கு கனமானது, தாங்கும். காசில் இருக்கும் எழுத்தோ மயிரிழை உயரம். விபூதி, புளி, எலுமிச்சை, பாலீஷ் என்று நாலு தடவை தேய்த்தால் அந்த எழுத்து மழுங்கும். அசல் மேற்பரப்பு ஒரு தடவை போனால் திரும்ப வராது. தாத்தா கொடுத்த விக்டோரியா ரூபாயை தீபாவளிதோறும் பளபளவென்று தேய்த்து வைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். சேர்ப்பவர்கள் அதற்கு வெள்ளியின் எடை விலைதான் சொல்வார்கள். சாம்பலும் நீலமுமாகத் தொடாமல் கிடந்த ரூபாய்க்கு அதைவிட நல்ல மதிப்பு உண்டு.

இதில் விலை மட்டும் விஷயமல்ல. கரூரில் அமராவதி ஆற்று மணலில் சங்ககாலக் காசுகள் கிடைத்தன. செம்புக் காசுகள் பச்சையும் கறுப்புமாகக் களிம்பேறிக் கிடப்பவை. தினமலர் ஆசிரியராக இருந்து 2021-இல் மறைந்த டாக்டர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் இத்தகைய காசுகளைப் பொறுமையாக ஆராய்ந்தவர். 'பெருவழுதி' என்று பழந்தமிழ் எழுத்தில் பொறித்த பாண்டியர் காசை 1980களில் அவர் வெளிப்படுத்தினார். பாட்டிலும் உரையிலும் மட்டும் இருந்த பாண்டியர் பெயர் அவர்கள் வெளியிட்ட காசிலேயே கிடைத்தது. யோசித்துப் பாருங்கள். அந்தக் காசை முதலில் எடுத்தவர் "அழுக்காக இருக்கிறதே" என்று ஆசிட்டில் போட்டு உரசியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு செப்புத் துண்டு பளபளப்பாக இருந்திருக்கும், பெருவழுதி போயிருப்பான்.

ஆகவே பழங்காசைத் தேய்க்க வேண்டாம். மண் இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, மெத்தென்ற துணியில் ஒற்றி எடுத்து, நன்றாக உலர்த்துங்கள். கையால் எடுக்கும்போது விளிம்பைப் பிடியுங்கள். விரல் வியர்வையில் உப்பு இருக்கிறது. ரப்பர் பேண்டு, செய்தித்தாள், மெத்து பிளாஸ்டிக் உறை வேண்டாம். மலிவான பிவிசி உறையில் வைத்தால் சில வருஷத்தில் பசை போன்ற பச்சைக் கறை வரும். கற்பூரம், அந்துருண்டை போட்ட பெட்டியும் வேண்டாம். புதுப் பெட்டி, செருப்புப் பெட்டிகளில் வருமே சிலிக்கா ஜெல் பொட்டலம், அதில் ஒன்றைக் கூடப் போட்டு மூடி வையுங்கள். மழைக்காலத்தில் மும்பைக்கு அது அவசியம்.

வெளி மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ்க் காசு என்றால் என்ன என்று காட்ட வழியில்லையே என்று பலர் கேட்கிறார்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். தமிழகத்தில் கிடைத்த ரோமானியக் காசுகள் உட்பட அங்கே பெரிய சேகரிப்பு உண்டு. மும்பைக் கோட்டைப் பகுதியில் ரிசர்வ் வங்கி அமைத்த நாணய அருங்காட்சியகத்தை 2004-இல் குடியரசுத் தலைவராக இருந்த நம் அப்துல் கலாம் அவர்கள்தான் திறந்து வைத்தார்.

அதற்கும் முன்னால் வீட்டுச் சில்லறை டப்பாவைக் கவிழ்த்துக் கொடுங்கள். வருஷத்துக்குக் கீழே சாய்சதுரம் இருந்தால் மும்பையில் அடித்தது, நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, குறியே இல்லையென்றால் கல்கத்தா என்று பிரிக்கச் சொல்லுங்கள். காந்தம் ஒன்றைக் கையில் கொடுங்கள். ஒட்டுவது ஏன், ஒட்டாதது ஏன், இது ஏன் பழுத்தது, அது ஏன் நீலமானது என்று பிள்ளைகளே கேட்க ஆரம்பிப்பார்கள். 'வண்ணக்கன்' என்ற சொல்லையும் அப்போது சொல்லிக் கொடுங்கள். காசைத் தானே பார்த்துச் சொல்லத் தெரிந்த பிள்ளையிடம், நாளைக்கு யாரோ போனில் லட்சம் தருகிறேன் என்றாலும் பேச்சு எடுபடாது.